எத்தனை எக்ஸ் என்று கேட்காதீர்கள்: பறவைப் படத்துக்கு முதல் ஜூம் கேமரா

பறவை எடுக்க ஒரு கேமரா வேண்டும் என்று கடையில் கேட்டால், விற்பவர் முதலில் எடுத்து விடுவது எக்ஸ் கணக்கைத்தான். 60 எக்ஸ், 83 எக்ஸ், 125 எக்ஸ். எண் ஏறினால் விலையும் ஏறுகிறது; விலை ஏறினால் பறவையும் நன்றாக வரும் என்று நாமே முடிவு கட்டிக்கொள்கிறோம். உண்மையில் அந்த எண் சொல்வது, ஒரு லென்ஸின் மிக அகலமான காட்சிக்கும் மிக நெருக்கமான காட்சிக்கும் இடையே உள்ள விகிதத்தை மட்டும்தான். பானசோனிக் எஃப்இசட்80 கேமராவுக்கு 60 எக்ஸ். சோனி எச்எக்ஸ்400வி கேமராவுக்கு 50 எக்ஸ். இரண்டும் போய் நிற்கும் இடம் ஒன்றுதான், 1200 மி.மீ. முன்னது 20 மி.மீ. அளவில் தொடங்குகிறது, பின்னது 24 மி.மீ. அளவில் தொடங்குகிறது, அந்த வித்தியாசத்தில் பிறந்ததுதான் கூடுதல் பத்து எக்ஸ். கல்யாண மண்டபத்தில் மொத்தக் குடும்பத்தையும் ஒரே படத்தில் அடக்க அது உதவும். கூழைக்கடாவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

1200, 2000 என்று இங்கே சொல்வதெல்லாம் லென்ஸின் குவியத் தூரம், அதுவும் பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கு ஈடான கணக்கில்; எண் கூடக் கூடப் பறவை கிட்டத்தில் தெரியும். கடைகளிலும் விளம்பரங்களிலும் அப்படியே சொல்கிறார்கள். லென்ஸ் கழற்றி மாட்டும் வம்பு வேண்டாம், ஒரே பையில் ஒரே கேமரா, தோளில் ஒரு கிலோ அளவுக்குத்தான் தாங்கும் என்று நினைத்துப் பறவைப் படம் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்காட்சிக்குப் பெரிய அளவில் அச்சிட நினைப்பவர்களின் வழி வேறு, செலவும் வேறு.

முன்கண்ணாடியின் வாய்

எக்ஸுக்குப் பதிலாகக் கேட்க வேண்டிய கேள்வி: முழு ஜூமில் இந்த லென்ஸின் திறப்பு எத்தனை மில்லிமீட்டர் அகலம்? இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். ஆனால் லென்ஸின் முன்வளையத்திலேயே கணக்குப் போடத் தேவையான இரண்டு எண்களும் பொறித்திருக்கும். நிக்கான் பி950 கேமராவில் 4.3–357 மி.மீ. என்றும் (ஈடான கணக்கு அல்ல, லென்ஸின் உண்மையான குவியத் தூரம்), 2.8–6.5 என்றும் (எஃப் எண்) இருக்கும். 357ஐ 6.5 ஆல் வகுத்தால் 55 மி.மீ. அதுதான் முழு ஜூமில் பறவையிடமிருந்து வரும் ஒளி நுழையும் வாசல். மழையில் வைத்த பாத்திரத்தில் எவ்வளவு நீர் சேரும் என்பதை அதன் வாய் அகலம்தான் முடிவு செய்கிறது, ஆழம் அல்ல. ஜூம் ஆழம், திறப்பு வாய்.

இந்தக் கணக்கைப் பிற கேமராக்களுக்கும் போட்டுப் பார்த்தால் கடை அலமாரியின் வரிசையே மாறிவிடுகிறது. சட்டைப்பையில் அடங்கும் கேனான் எஸ்எக்ஸ்740 கேமராவுக்கு 25 மி.மீ. பானசோனிக் எஃப்இசட்80 கேமராவுக்கு 36. கேனான் எஸ்எக்ஸ்70 கேமராவுக்கு 38. நிக்கான் பி950க்கு 55. அதன் அண்ணன் பி1000க்கு 67. இப்போது சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 கேமராவைப் பாருங்கள்: அதன் ஜூம் 600 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுகிறது. 25 எக்ஸ்தான். எண்ணை மட்டும் பார்க்கிறவர் அதைக் கையால்கூடத் தொடமாட்டார். ஆனால் அதன் திறப்பும் 55 மி.மீ. தான், 2000 மி.மீ. வரை நீளும் பி950க்கு இருப்பதே இதற்கும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை: கேனான் ஆர்10 என்ற, லென்ஸ் கழற்றி மாட்டும் மிரர்லெஸ் கேமராவில் ஆர்எஃப் 100–400 லென்ஸை மாட்டினால் திறப்பு 50 மி.மீ. எடையைப் பார்த்தால் பி950 ஏறத்தாழ 1,005 கிராம், சோனி 1,095 கிராம், ஆர்10 லென்ஸோடு சேர்த்து 1,060 கிராமைச் சற்றே தாண்டும். மூன்று நிறுவனங்கள், மூன்று வகைக் கேமராக்கள், ஒரே எடை, ஏறக்குறைய ஒரே வாய். கண்ணாடியின் எடையை யாரும் ஏமாற்ற முடியாது.

வாய் ஒன்றே என்றால் விலை ஏன் வேறு? அறிமுகமானபோது அமெரிக்காவில் பி950 கேமராவுக்கு 800 டாலர், பி1000க்கு 1,000, எஸ்எக்ஸ்70க்கு 550, எஃப்இசட்80க்கு 400, சோனிக்கு 1,700. ஆர்10 உடலும் அந்த லென்ஸும் சேர்ந்து 1,600க்குச் சற்று மேல். டாலரில் சொல்வது விகிதம் தெரிவதற்காக மட்டுமே. இங்கே விலை வரியோடும் இறக்குமதியோடும் சேர்ந்து அவ்வப்போது ஆடும். சோனிக்குக் கொடுக்கிற இரட்டிப்பு விலையில் பெரும்பகுதி ஒளிக்காக அல்ல, வேகத்துக்காக. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சென்சார், அதாவது லென்ஸ் தரும் ஒளியைப் படமாகப் பதியும் சில்லு.

ஏரிக்கு ஒன்று, சோலைக்கு ஒன்று

பி950, பி1000, எஸ்எக்ஸ்70, எஃப்இசட்80 நான்கிலும் சென்சார் ஒரே அளவு: ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. சோனியின் ஒரு அங்குலச் சென்சார் 13.2க்கு 8.8, பரப்பளவில் நான்கு மடங்கு. "சின்னச் சென்சார் என்றால் படம் மோசம்" என்று இணையத்தில் எல்லாரும் எழுதுகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறவர்கள் குறைவு.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால் நவம்பரிலிருந்து மார்ச் வரை மஞ்சள் மூக்கு நாரையும் நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டி நிறைந்திருக்கும். நீங்கள் கரையிலும் பார்வைக் கோபுரத்திலும் நிற்பீர்கள். இடையில் தண்ணீர். ஒரு அடிகூட முன்னால் வைக்க முடியாது. ஆனால் வெயில் தாராளமாக இருக்கிறது. இந்த இடத்தில், ஒரே 55 மி.மீ. திறப்புள்ள இரண்டு கேமராக்களில் சின்னச் சென்சார்தான் ஜெயிக்கும். சோனியின் 600 மி.மீ. படத்திலிருந்து நாரையை வெட்டியெடுத்து பி950இன் 2000 மி.மீ. காட்சி அளவுக்குக் கொண்டுவந்தால், 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது இரண்டுக்கும் குறைவு. நாரையிடமிருந்து இருவருக்கும் வந்த ஒளி ஒன்றே. ஆனால் பி950 அதை இன்னும் நுணுக்கமான கட்டங்களில் பதிந்துகொள்கிறது. இறகின் விளிம்பும், அலகின் மேல் ஒட்டிய நத்தைத் துண்டும் அதில்தான் தெரியும்.

இப்போது வால்பாறைக்கோ நீலகிரிச் சோலைக்கோ போங்கள். பறவை எட்டுப் பத்து மீட்டரில் இருக்கிறது; ஆனால் காலை எட்டு மணிக்கும் அங்கே அந்தி வெளிச்சம்தான். 600 மி.மீ. போதும். இந்த நிலையில் சோனியின் 55 மி.மீ. வாய் முழுவதும் திறந்திருக்கிறது. பி950ஐ 600 மி.மீ. அளவுக்குக் குறைத்தாலோ, அதன் திறப்பு முழு ஜூமில் இருந்ததில் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். வாய் பாதியானால் உள்ளே வரும் ஒளி கால்வாசி. படம் மணல்மணலாக வருவது அதனால்தான். வீட்டுத் தோட்டத்தின் முருங்கை நிழலில் குதிக்கும் தையல்சிட்டுக்கும், குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வந்து சருகைக் கிளறும் ஆறுமணிக் குருவிக்கும் இதே கதைதான்.

ஆக, தேர்வு கேமராவைப் பார்த்துச் செய்வதல்ல. நீங்கள் எங்கே நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பார்த்துச் செய்வது. தூரமும் வெயிலும் சேர்ந்தால் சின்னச் சென்சாரும் நீண்ட ஜூமும். கிட்டமும் நிழலும் சேர்ந்தால் ஒரு அங்குலச் சென்சார். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி என்று ஏரியும் கண்மாயும் சூழ்ந்த ஊர்க்காரருக்கும், கூடலூர்க்காரருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

தூரமும் நிழலும் சேர்ந்தால்? எந்தக் கேமராவும் உதவாது. அந்த நேரத்தில் பறவையைக் கண்ணால் பாருங்கள், அதுவும் நல்லதுதான்.

125 எக்ஸ் தேவையா

பி1000 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் கேட்கிறார்கள். 2018இல் வந்தது, 3000 மி.மீ. நிலாவின் பள்ளங்களைக் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு அதை வாங்குகிறவர்கள் அதிகம். 2025இல் வந்த பி1100 கேமராவிலும் அதே 125 எக்ஸ்தான்.

ஒளி ஒரு குறுகிய வாயின் வழியே புகும்போது விளிம்பில் சற்றுச் சிதறும். பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு நுணுக்கம் பிரியும். பி950இல் 55, பி1000இல் 67. ஜூம் ஒன்றரை மடங்கு கூடியிருக்கிறது. நுணுக்கமோ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. மீதி வெறும் பெரிதாக்கல். கணினித் திரையில் நீங்களே செய்துகொள்ளலாம். அதற்காக 400 கிராம் கூடுதல் எடை, மொத்தம் 1.4 கிலோ. கோடியக்கரையின் உப்பளப் பக்கம் பூநாரைக் கூட்டத்தைத் தேடி நடக்கிறவர் அந்த 400 கிராமை ஒவ்வொரு அடியிலும் உணர்வார்.

அதோடு கானல். காலை ஒன்பது, ஒன்பதரை தாண்டினால் உப்பளத்தின் மேலும், தார்ச்சாலையின் மேலும், வற்றிய ஏரியின் சேற்றின் மேலும் காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவையின் ஓரங்கள் கரைந்து வழியும். நீண்ட ஜூம் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். இதை லென்ஸின் குறை என்று நினைத்துக் கேமராவைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. முழு ஜூமில் நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள பறவை நன்றாக வர வேண்டுமானால், அதிகாலையில் போயாக வேண்டும். பி1000 அதற்கு மாற்று அல்ல.

கோபுர உச்சியில் கூடு கட்டும் பறவையையோ, கூந்தன்குளத்தில் நடுநீரில் இறங்கும் பட்டைத்தலை வாத்தையோ முக்காலி போட்டு நிதானமாக எடுப்பதே உங்கள் ஆசை என்றால் பி1000 வாங்குங்கள், குறை சொல்லமாட்டேன். மற்றவர்களுக்குப் பி950 போதும்.

பறக்கும் பறவை

இங்கேதான் சோனியும் ஆர்10ம் விலையை நியாயப்படுத்துகின்றன. பி950 ஃபோகஸைக் கண்டுபிடிக்கும் முறை பழையது: லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் கோடுகள் கூர்மையாகின்றன என்று தேடிப் பார்க்கும். உட்கார்ந்த பறவைக்கு அது போதும். பறவை உங்களை நோக்கிப் பறந்து வந்தால், தேடி முடிப்பதற்குள் அது இடம் மாறியிருக்கும். தொடர் படத்தில் வினாடிக்கு 7 வீதம் 10 படம் எடுத்ததும் அது நின்று, எழுதி முடிக்கும்வரை உங்களைக் காக்க வைக்கும். நாரை அதற்குள் அடுத்த ஏரிக்குப் போயிருக்கும்.

சோனி 2017இல் வந்தபோதே சென்சாரின் மேல் 315 இடங்களில் நேரடியாகத் தூரம் கணிக்கும் புள்ளிகளை வைத்திருந்தது. வினாடிக்கு 24 படம். இருநூறைத் தாண்டியும் நிற்காது. ஆர்10 இன்னும் ஒரு படி மேலே போய், பறவையின் கண்ணையே தேடிப் பிடித்துக்கொள்கிறது. தகைவிலானையும் உழவாரனையும் வானில் பிடிக்க வேண்டும் என்ற வெறி இருந்தால் சின்னச் சென்சார் ஜூம் கேமராவை வாங்கவே வாங்காதீர்கள். ஆறே மாதத்தில் விற்றுவிடுவீர்கள்.

அதற்காக மெதுவான கேமராவில் பறத்தலே வராது என்று இல்லை. நத்தை குத்தி நாரை போன்ற பெரிய பறவை பக்கவாட்டில் மெதுவாகக் கடந்துபோகும்போது, ஜூமை 400–500 மி.மீ. அளவில் வைத்துக் கேமராவை அதனோடு சேர்த்துத் திருப்பினால் வரும். கருவெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நிற்கும். எந்தக் கேமராவும் அதற்குள் ஃபோகஸ் செய்துவிடும். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு எழும்பிய கம்பிக்கே திரும்பி வரும். கம்பியில் ஃபோகஸை வைத்துக் காத்திருக்கலாம். பறவையின் பழக்கம் தெரிந்தவருக்கு மெதுவான கேமராவும் வேகமாகிவிடுகிறது.

எஃப்இசட்80 கேமராவில் ஒரு சூட்சுமம் உண்டு. வீடியோ போலத் தொடர்ந்து பதிந்து, அதிலிருந்து 8 மெகாபிக்சல் படங்களை உருவிக்கொள்ளும் வசதி. பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒரு வினாடியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணம் இதில் மாட்டும், உங்கள் விரல் தாமதமானாலும். 400 டாலர் கேமராவுக்கு இது பெரிய விஷயம். ஆனால் 36 மி.மீ. வாய்தான் என்பதை மறக்க வேண்டாம். வெயில் மங்கினால் அதன் ஆட்டம் முடிந்தது. பழைய எஃப்இசட்80இன் வியூஃபைண்டரும் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) சிறியது, கண்ணாடி அணிந்தவர்களுக்குச் சிரமம். 2024இல் வந்த 'டி' வடிவத்தில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள்.

வாங்கியபின் சந்திக்கும் முதல் சங்கடம்

2000 மி.மீ. அளவில் ஐம்பது மீட்டர் தள்ளி உள்ள காட்சியில் ஏறத்தாழ 90 செ.மீ. அகலம்தான் தெரியும். மஞ்சள் மூக்கு நாரை முழுதாக அடங்காது. 28 செ.மீ. உள்ள வெண்மார்பு மீன்கொத்தி அதில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். பத்து மீட்டரில் இருக்கும் தேன்சிட்டுக்குக் காட்சியே ஒரு சாண் அகலத்துக்கும் குறைவு. கொஞ்சம் அசைந்தால் வெறும் இலைதான். பறவை அங்கே இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவில் மட்டும் காணோம் என்று தவிக்காத தொடக்கக்காரர் இல்லை.

கேமராக்களை ஒப்பிடும்போது பலரும் பார்க்காமல் விடும் ஒரு பொத்தான் இதற்குத்தான். பி950, பி1000 இரண்டிலும் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது; அழுத்திப் பிடித்தால் ஜூம் சற்றுப் பின்வாங்கி அகலக் காட்சியைத் தரும், விட்டால் பழைய இடத்துக்கே போகும். எஸ்எக்ஸ்70இலும் இதற்கு இணையான பொத்தான் உண்டு. இது இல்லாத நீண்ட ஜூம் கேமராவை இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன். பி950இன் தலையில் துணைக்கருவி மாட்டும் இடமும் உள்ளது. சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான் ஒன்றை அங்கே பொருத்தலாம். எஸ்எக்ஸ்70இல் அந்த இடம் இல்லை.

வியூஃபைண்டர் இல்லாத எதையும் பறவைக்காக வாங்க வேண்டாம். எஸ்எக்ஸ்740 மாதிரியான சட்டைப்பைக் கேமராக்கள் 960 மி.மீ. வரை போகின்றன, 300 கிராம்தான் எடை, பயணத்துக்கு அருமை. ஆனால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் ஒளிரும் திரையில் பறவையைத் தேடுவது நடக்காத காரியம். கேமராவை நெற்றியிலும் கண்ணிலும் ஊன்றிப் பிடிக்கும்போதுதான் நடுக்கம் அடங்கும்.

பி950ஐ வாங்கியவர் முதல் நாளே செய்ய வேண்டிய ஒன்று, வெளிச்சத்தைக் கழிக்கக் கற்றுக்கொள்வது. நம் ஏரிகளில் வெள்ளைப் பறவைகள் அதிகம்: கொக்கு, கரண்டிவாயன், அன்றில். கரும்பச்சை மரத்தின் முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்பு பூசியதுபோல இறகே இல்லாமல் வரும். சின்னச் சென்சாரில் ஒருமுறை வெளுத்துப்போன வெள்ளையை எந்த மென்பொருளும் மீட்காது. வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7 அல்லது −1 வைத்துக்கொள்ளுங்கள். நீல வானத்தின் முன்னால் கரிச்சானோ, உயரமான மரத்தில் இருவாட்சியோ என்றால் நேர்மாறாக +1. ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800க்கு மேல் போகாதபடி பூட்டிவிடுங்கள். சோனியில் 3200 வரை தயங்காமல் போகலாம். ஷட்டர் வேகம் உட்கார்ந்த பறவைக்கு 1/500 வினாடி, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சிட்டுக்கு அதற்கும் மேல். டயலில் பறவைக்கான தனி நிலை இருக்கிறது. அவசரத்துக்கு உதவும், அதிலேயே தங்கிவிட வேண்டாம்.

நீண்ட ஜூமின் உண்மையான பலன் என்று நான் கருதுவது, தள்ளி நிற்க முடிவது. தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, நாம் கிட்டே போனால் கத்திக்கொண்டு எழும்பிவிடும். நாம் நகரும்வரை முட்டை வெயிலில் வேகும். 2000 மி.மீ. கையில் இருப்பவருக்குக் கிட்டே போக ஒரு சாக்கும் இல்லை.

படம் எதற்கு என்பதைப் பொறுத்து

2015 முதல் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பட்டியல்கள் பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் சேர்கின்றன. வழக்கத்துக்கு மாறான பறவை ஒன்றைப் பதிந்தால் சான்று கேட்பார்கள். அழகான படம் தேவையில்லை. கால் நிறமும் அலகின் வளைவும் தெரிந்தால் போதும். ஒன்றுபோலவே தோன்றும் உப்புக்கொத்திகளையும் உள்ளான்களையும் இலைக்கதிர்க்குருவிகளையும் வீட்டுக்கு வந்து நிதானமாக இனம் காண இந்த வகைப் படம்தான் உதவுகிறது. இதுவே நோக்கமென்றால் பணத்தை வீணாக்காதீர்கள்: எஸ்எக்ஸ்70 போதும். 610 கிராம், 1365 மி.மீ., கழுத்தில் பைனாகுலரும் தோளில் இதுவும் சேர்ந்து தொங்கினாலும் பாரமில்லை. 38 மி.மீ. வாயின் குறை, அடையாளப் படத்தில் தெரியாது.

பைனாகுலர் முதலில் வாங்குவதா, கேமராவா என்ற பழைய வழக்கும் உண்டு. பறவை நோக்குவோரில் மூத்தவர்கள் பைனாகுலர் என்பார்கள். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். பக்கத்தில் பெயர் சொல்லித்தர ஆள் இருந்தால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வாயுள்ள) பைனாகுலரை வாங்கிக்கொண்டு அவர் பின்னால் நடங்கள். தனியாக ஏரிக்கரையில் நிற்பவர்களுக்குக் கேமராதான் ஆசான். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து புத்தகத்தோடு ஒப்பிட விடுகிறதே.

என்னைக் கேட்டால்: ஏரி, கடற்கரை, வயல்வெளி என்று சுற்றுகிறவர் பி950. நோக்கம் பட்டியல் மட்டும் என்றால் எஸ்எக்ஸ்70. மலைக்காடும் பறத்தலும் ஆசையாக இருந்து, லென்ஸ் மாற்ற மனமில்லை என்றால் ஆர்எக்ஸ்10 மார்க் 4. அதே பணத்தில், பின்னாளில் பெரிய லென்ஸுக்கு மாற வாய்ப்பிருக்கிறது என்று மனதுக்குப் பட்டால் சோனியை விட்டுவிட்டு ஆர்10. கேமராவுக்கு வளர வழி உள்ளதும் அந்த ஒன்றில்தான்; பணப்பைக்கும் ஆபத்து அந்த ஒன்றில்தான்.

கையிருப்பு குறைவு என்றால் 2015இல் வந்த பி900ஐ, பிறர் பயன்படுத்திய கேமராவாகக் குறைந்த விலைக்குத் தேடுங்கள். அதே 83 எக்ஸ், அதே 55 மி.மீ. வாய். ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே தரும் கோப்பு) கிடையாது, வியூஃபைண்டர் மங்கல், துணைக்கருவி மாட்ட இடமில்லை; படத்தின் நுணுக்கத்தில் பி950க்கும் இதற்கும் பெரிய இடைவெளி கிடையாது. ஆனால் பழைய ஜூம் கேமராவைப் படத்தைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. லென்ஸ் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு தூசியும் கடற்கரை ஈரமும் போகின்றன. ஜூமை முழுதும் நீட்டி, கைப்பேசி விளக்கை முன்கண்ணாடியில் சாய்வாக அடித்துப் பாருங்கள். வலை பின்னியதுபோல வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. இந்த லென்ஸ் கழற்றிச் சுத்தம் செய்கிற வகையல்ல, மொத்தமாகப் பிரிக்க வேண்டும், செலவு கேமராவின் விலையை எட்டிவிடும். அடுத்து நீல வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்; ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் சென்சாரில் தூசி. கடைசியாக, சத்தமில்லாத அறையில் காதருகே வைத்து ஜூமை நான்கைந்து முறை நீட்டிச் சுருக்கிப் பாருங்கள். மோட்டார் சீராக இரைந்தால் பேரம் பேசத் தொடங்கலாம். மணல் அரைபடும் கரகரப்புக் கேட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.